ஆறாவதை நான் செய்யப் போன கதை

"உலகத்துல அஞ்சுதான் அத்தா. ஆறாவது கிடையாது."

என் மக ஃபர்ஹானா இதைச் சொன்னப்ப அவ கையில ஒரு துண்டு பரோட்டா இருந்துச்சு. சால்னாவுல தோய்க்காம அப்படியே பிடிச்சிக்கிட்டு இருந்தா. அவளுக்குப் பேச்சு சூடாயிட்டா சாப்பாடு காத்துக் கிடக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டுல மெட்ரோவுக்குத் துளை போடுற சத்தம் வீடு வரைக்கும் கேக்குது. ஜன்னலைச் சாத்தினா வேர்வை, தொறந்தா புழுதி. அன்னிக்கு நாங்க வேர்வையே மேல்னு முடிவு பண்ணியிருந்தோம்.

அவ தட்டுக்குப் பக்கத்துல கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒட்டின அஞ்சு உருவம் வரிசையா நின்னுச்சு. ஒண்ணு பகடைக்காய் மாதிரி. ஒண்ணு கூம்பு மாதிரி. மத்த மூணும் பட்டை தீட்டின கல்லு மாதிரி.

"எல்லா முகமும் ஒரே அச்சா இருக்கணும். எல்லாப் பக்கமும் ஒரே நீளம், எல்லாக் கோணமும் ஒரே அளவு. ஒவ்வொரு மூலையிலயும் அதே எண்ணிக்கையில முகங்க வந்து சேரணும். இடைவெளி இல்லாம மூடணும். இந்த நாலும் சேர்ந்தா அஞ்சு உருவம்தான் வரும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அஞ்சுதான்."

"யாரு சொன்னது? கவர்மென்ட் ஆர்டரா?"

"கவர்மென்ட் நெனச்சாலும் ஆறு ஆகாது."

எனக்கு மூக்கு மேல கோவம். அது ஊருக்கே தெரியும். ஆனா அந்தக் கோவம் அட்டை உருவத்து மேல இல்ல, டிவி மேல வச்சிருந்த ஒரு கடுதாசி மேல.

எம்.எஸ்சி. கணக்கு முடிச்சிருந்தா. வடக்க ஒரு ஆராய்ச்சி நிலையத்துல இடம் கிடைச்சிருந்துச்சு. அஞ்சு வருஷம். ரயில்ல போனா ரெண்டு ராத்திரி. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள வரேன், வரலைன்னு பதில் போடணும். நான் வேணாம்னுட்டேன். பேங்க் பரீட்சை எழுது, பூந்தமல்லியிலயே ஒரு கிளையில உக்காரு, சாயந்திரம் வீட்டுக்கு வான்னேன். அதோட விட்டிருக்கலாம். "கணக்குல இனிமே புதுசா என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?"ன்னும் கேட்டுட்டேன். அதுக்குப் பதிலாத்தான் அந்த அஞ்சையும் கொண்டுவந்து என் முன்னாடி வச்சா.

"இரும்புல முடியாததுன்னு ஒண்ணும் இல்ல"ன்னேன். "நான் செய்யறேன் ஆறாவது."

பரோட்டாவைக் கீழ வச்சுட்டா. "செய்யுங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். செஞ்சு காட்டினா பேங்க் பரீட்சை எழுதறேன். முடியலைன்னா நான் போறேன். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

என் வீட்டுக்காரி மும்தாஜ் சால்னா கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டா. "அத்தாவுக்கும் மகளுக்கும் ஒரே மண்டை. உள்ள மூளையா, இரும்பான்னு தெரியல"ன்னுட்டு உள்ள போயிட்டா. பரோட்டாவை வெறுமனேதான் தின்னோம்.

'முடியாது' ஒரு கெட்ட வார்த்தை

இந்தத் தொடரை முதல் வாரத்துலேருந்து படிக்கிறவங்களுக்கு என் வண்டவாளம் எல்லாம் அத்துப்படி. இன்னிக்குத்தான் புரட்டறீங்கன்னா ரெண்டே வரி. பேரு ஜமால். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல தகட்டை அழுத்தி வண்டி பார்ட்ஸ் செய்யற ஒரு கம்பெனியில டூல் ரூம்காரன். தகட்டை அழுத்தணும்னா அச்சு வேணும் இல்லையா, அந்த அச்சைச் செய்யற இடம்தான் டூல் ரூம். ஒரு மில்லிமீட்டரை நூறாப் பிரிச்சு, அதுல ரெண்டு பங்கு தப்பினாலும் தூக்கிக் கடாசற ஆளு நான்.

எங்க டூல் ரூம்ல 'முடியாது'ங்கிறது கெட்ட வார்த்தை. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'ங்கிறதுதான் எஸ்டேட்டோட தாரக மந்திரம்.

ஒரு தடவை ஒரு பார்ட்டி டிராயிங் கொண்டு வந்தாரு. நான் அப்ப சின்ன வயசு. மூணு கோணம் போட்டிருந்தாரு, மூணையும் கூட்டினா முக்கோணமே வராது. டிராயிங் தப்புன்னு அவர்கிட்ட சொன்னோமா? மூச்சு விடல. அங்க கொஞ்சம் ராவி, இங்க கொஞ்சம் வெல்டிங் ரொப்பி, மேல பெயிண்ட்டைத் தீட்டி அனுப்பிட்டோம். மனுஷன் சந்தோஷமா வாங்கிட்டுப் போனாரு. அடுத்த மாசம் இன்னும் பத்து வேணும்னு கேட்டாரு.

அந்த வளர்ப்புல வளர்ந்தவன்கிட்ட வந்து ஆறாவது கிடையாதுன்னா எப்படி இருக்கும்?

தீ குத்துமா?

திங்கக்கிழமை சாப்பாட்டு நேரத்துல வெல்டர் ஏழுமலையைப் பிடிச்சேன். அம்பத்தூர் பழைய ஊர்க்காரன். என் வயசு. ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல வேலைக்குச் சேர்ந்தவங்க. சங்கதியைச் சொன்னேன்.

"இன்னா பாய், ஊட்டு சண்டைய தகட்டுல போட்டுகினு கீற"ன்னான். ஆனா கையுறையை மாட்டிக்கிட்டான்.

எதிரியை ஜெயிக்கணும்னா முதல்ல எதிரியைத் தெரிஞ்சுக்கணும். அதனால அந்த அஞ்சையும் செஞ்சு பார்த்தோம். முதலாளிகிட்ட சொல்லிட்டு, ஸ்கிராப் தொட்டியில கிடந்த துண்டுத் தகட்டை எடுத்தோம். நாலு முக்கோணம் சேர்ந்தா நான்முகி. ஆறு சதுரம் சேர்ந்தா கனசதுரம். எட்டு முக்கோணம் சேர்ந்தா எண்முகி. பன்னண்டு ஐங்கோணம் சேர்ந்தா பன்னிருமுகி. இருபது முக்கோணம் சேர்ந்தா இருபதுமுகி. பேரெல்லாம் ஃபர்ஹானா எழுதிக் குடுத்தது. எல்லாம் ஜம்முனு மூடிக்கிச்சு. ஒண்ணுல கூட அரம் போட வேண்டி வரல. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக் கூட இருந்துச்சு.

இதுகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அன்னிக்குச் சாயந்திரம் டீ குடிக்கறப்ப அவதான் சொன்னா. சண்டை ஒரு பக்கம் இருந்தாலும் டீயோட கணக்குப் பேசற வழக்கத்தை அவ விடல, நானும் கேக்கறதை விடல.

கிரேக்க நாட்டுல ஒரு ஞானி இருந்தாராம். நாம பஞ்சபூதம்னு சொல்றோம் இல்லையா, அந்த மாதிரி கணக்குல இந்த உருவத்தை எல்லாம் பங்கு போட்டுட்டாரு. மண்ணுக்குக் கனசதுரம், ஏன்னா வச்ச இடத்துல அசையாம நிக்கும். காத்துக்கு எண்முகி. தண்ணிக்கு இருபதுமுகி, ஏன்னா கையில நிக்காம உருண்டு ஓடும். தீக்கு நான்முகி, ஏன்னா அதுக்குத்தான் மூலை கூர்மை, குத்தும். மிச்சம் இருந்த பன்னிருமுகியை என்ன பண்றதுன்னு யோசிச்சு மொத்தப் பிரபஞ்சத்துக்கும் குடுத்துட்டாராம்.

மறுநாள் இதை ஏழுமலைகிட்ட சொன்னேன். "தீ எங்க பாய் குத்தும்?"ன்னான்.

"வெல்டிங் பொறி உன் கையில பட்டா எப்படி இருக்கு?"

கொஞ்சம் யோசிச்சான். "குத்தத்தான் செய்யுது"ன்னு ஒத்துக்கிட்டான்.

அந்த ஞானிக்கு முன்னாடியே ஒரு கூட்டம் இந்தப் பன்னிருமுகியை ரகசியமா வச்சிருந்துச்சாம். அதைப் பத்தி வெளிய சொன்ன ஒருத்தர் கடல்ல மூழ்கிச் செத்தாருன்னு ஒரு கதை. எஸ்டேட்ல டிராயிங்கை அடுத்த கம்பெனிக்குக் காட்டினா சீட்டைத்தான் கிழிப்பாங்க. அவங்க ஆளையே முழுகடிச்சிருக்காங்க.

பொன் மாதிரி மின்னுற ஒரு கல்லு இருக்காம், மண்ணுக்குள்ளேருந்து எடுக்கறப்பவே பன்னண்டு முகத்தோட வருமாம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்திருக்கும்னு சிலர் சொல்றாங்களாம். ஆனா அந்தக் கல்லோட ஒவ்வொரு முகத்துலயும் அஞ்சு பக்கமும் ஒரே நீளம் இல்லைன்னா. "ஆண்டவன் போட்ட அச்சுலயே கூடக்குறைய டாலரன்ஸ் இருக்கு பாரு"ன்னேன். சிரிச்சுட்டா. சிரிச்சதும் சண்டை ஞாபகம் வந்து டம்ளரை எடுத்துக்கிட்டு எழுந்துட்டா.

இன்னொண்ணு. ஐரோப்பாவுல வயல் உழற இடத்துல வெண்கலத்துல வார்த்த பன்னிருமுகி நிறையக் கிடைச்சிருக்காம். ரோமாபுரி காலத்துச் சாமான். உள்ள வெத்து. ஒவ்வொரு முகத்துலயும் வேற வேற சைஸ் ஓட்டை, ஒவ்வொரு மூலையிலயும் ஒரு குமிழ். எதுக்குச் செஞ்சாங்கன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாதாம். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். புதுசா வேலைக்கு வந்தவனுக்கு வச்ச டெஸ்ட் பீஸ் அது. ஓட்டை, குமிழ், கோணம் எல்லாம் ஒரே சாமான்ல செய்ய வச்சுப் பார்ப்பாங்க. எங்க கம்பெனியிலயும் இப்படி ஒண்ணுக்கும் உதவாத, ஆனா ரொம்ப அழகான டெஸ்ட் பீஸ் அலமாரி நிறையக் கிடக்கு. ஃபர்ஹானா இதை ஒத்துக்கல. ஆதாரம் வேணுமாம்.

ஆறுன்னா அம்பத்தூர்

புதன்கிழமை ஆறாவதுக்கு வந்தேன். எதுல செய்யறதுங்கறதுல எனக்கு ஒரு வினாடி கூடச் சந்தேகம் வரல. அறுகோணம்தான்.

ஏன்னு கேளுங்க. எஸ்டேட்ல எங்க திரும்பினாலும் ஆறு பக்கம்தான். நட்டு ஆறு பக்கம், போல்ட்டு தலை ஆறு பக்கம், அதுக்குப் போடற ஸ்பேனர், ஆலன் கீ எல்லாம் ஆறு பக்கம். அதோட அறுகோணம் வரையறது மாதிரி சுகமான வேலை வேற கிடையாது. டிவைடர்ல ஒரு வட்டம் போடு. விரிச்ச கால் அப்படியே இருக்கட்டும். வட்டத்து மேலேயே எட்டு எட்டா வச்சு நடத்திக்கிட்டுப் போ. சரியா ஆறாவது எட்டுல கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கும். கோணமானி வேணாம், கணக்கு வேணாம். ஐங்கோணம் அப்படி இல்ல, அது கிறுக்குப் பய. டிவைடருக்கு அடங்காது. டூல் ரூம்காரன் கைக்குத் தானா வர்றது ஆறுதான்.

மூணு அறுகோணம் வெட்டினோம். ஒரு மூலையில மூணையும் சேர்த்து ஏழுமலை பொட்டுப் பொட்டா வெல்டிங் வச்சு டேக் அடிச்சான். ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். மூணு தகடும் மேஜை மேல சப்பையாப் படுத்துக் கிடந்துச்சு.

"தூக்கி வளை"ன்னேன்.

"எங்க பாய் வளைக்கறது? எடமே இல்ல. முகப்பேர் பக்கம் பிளாட்பாரத்துல பதிச்சிருக்கற கல்லு மாதிரி கீது."

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. வேர்க்கடலைக்குப் பொட்டலம் சுத்தறவனைப் பாருங்க. பேப்பர் ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாத்தான் கூம்பு நிக்கும். ஏறலைன்னா அது பொட்டலம் இல்ல, வெறும் பேப்பர். மூலைன்னு ஒண்ணு எழும்பணும்னா அந்த இடத்துல கொஞ்சம் குறைச்சல் இருக்கணும். மூணு ஐங்கோணம் சேர்ந்தா ஒரு சின்ன சந்து மிஞ்சும், அதை இழுத்துச் சேர்த்தா மூலை எழும்பிடும். மூணு சதுரத்துக்கும் அப்படித்தான். நாலாவதா ஒண்ணைச் சேர்த்தா சதுரம் சப்பையாயிடும், ஐங்கோணம் இடிச்சுக்கும். முக்கோணத்துல மூணு, நாலு, அஞ்சு வரைக்கும் சேர்க்கலாம். ஆறு சேர்த்தா அதுவும் சப்பை. அறுகோணம் மூணு சேர்ந்தாலே முழு வட்டமும் ரொம்பிடுது. அதுக்கு மேல ஏழு பக்கம், எட்டு பக்கம் எல்லாம் பேசவே வேணாம், ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். எண்ணிப் பாருங்க. முக்கோணத்துல மூணு வழி, சதுரத்துல ஒண்ணு, ஐங்கோணத்துல ஒண்ணு. மொத்தம் அஞ்சு.

அந்த நிமிஷமே தோத்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இதை எழுதறப்ப வெக்கமாத்தான் இருக்கு. நேரா வீட்டுக்குப் போய், நீ சொன்னது சரிம்மான்னு சொல்லியிருக்கணும். சொன்னா அவ போயிடுவா. கம்பெனி கேட்டுக்கு முன்னாடி இருக்கற டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். டீ ஆறி ஏடு கட்டிப் போச்சு.

எதிர் மைதானத்துல எவனோ உதைச்ச ஃபுட்பால் அப்பத்தான் ரோட்டுக்கு உருண்டு வந்துச்சு. அதுல ஆறு பக்கத் துண்டுங்க இருந்துச்சு. வெள்ளையா, நிறைய. நடுநடுவுல கறுப்பா அஞ்சு பக்கத்துல சிலது. நான் எண்ணக் கூட இல்ல. பந்தைத் திருப்பி எறிஞ்சுட்டு ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"ஏழு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னேன்.

வாய் மூடாத சொம்பு

யோசனை இதுதான். முழுக்க அறுகோணம் போடறது. வளைய வேண்டிய இடத்துல மட்டும் நாலஞ்சு ஐங்கோணத்தைத் திருட்டுத்தனமா நுழைக்கறது. ஒரு ஐங்கோணத்தோட மூலை ஒண்ணை லேசா ராவிட்டா அங்க குட்டியா ஒரு பக்கம் கிடைக்கும். அஞ்சு ஆறாயிடும். ராவின இடத்துல விழுற ஓட்டையை வெல்டிங்ல ரொப்பி, தடிமனா பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப் போகுது? ஃபுட்பாலை அப்படியே செஞ்சா பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவா. அதனால அதைவிடப் பெருசா, சின்னப் பூசணிக்காய் சைஸ்ல செய்யலாம்னு முடிவு.

வியாழக்கிழமை பேக்கிங் அட்டையை வெட்டி, செல்லோ டேப் ஒட்டி ஒத்திகை பார்த்தோம். ஏழுமலை எத்தனை ஐங்கோணம் நுழைச்சோம்னு சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டு வந்தான்.

ஒண்ணு வச்சோம். தொப்பி மாதிரி விரிஞ்சு போச்சு. மூணு வச்சோம், நாலு வச்சோம். கொஞ்சம் குறுகுச்சு. ஆறு வச்சதும் அடிப்பக்கம் அழகா உருண்டு வந்துச்சு. அப்பாடான்னு மேல அறுகோணமா அடுக்கினோம். அது சொம்பு மாதிரி நேரா மேலதான் ஏறுது, வாயை மூட மாட்டேங்குது.

"பாய், இப்டியே போனா கூரையாண்ட போயிடும்"னான் ஏழுமலை.

சரி, மேலயும் ரெண்டு மூணு போடுன்னேன். ஏழு. எட்டு. ஒன்பது. வாய் சுருங்க ஆரம்பிச்சுது. பத்து. பதினொண்ணு. இன்னும் ஒரே ஒரு துண்டுக்கு இடம் பாக்கி. பதினொண்ணோட நிறுத்தறதுன்னு நான் ஒரு வைராக்கியத்துல இருந்தேன். அறுகோணத்தை எடுத்து அந்த ஓட்டையில வச்சேன். உக்காரல. திருப்பி வச்சேன். உக்காரல. குனிஞ்சு பார்த்தா அந்த ஓட்டைக்கே பக்கம் அஞ்சுதான்.

எல்லாத்தையும் பிரிச்சு வேற மாதிரி அடுக்கினோம். மறுபடியும் கடைசி ஓட்டை அஞ்சு பக்கமாவே வந்து நின்னுச்சு. மூணாவது தடவை அட்டையைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன்.

"கோவிச்சுக்காத பாய். அது கேக்கறதைக் குட்த்துடு"ன்னான். பன்னண்டாவதையும் வச்சோம். நோகாம மூடிக்கிச்சு.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிச்சு வந்ததும் தகட்டுல ஆரம்பிச்சோம். அறுகோணம் முப்பது, ஐங்கோணம் பன்னண்டு. மணல் மூட்டை மேல வச்சு மரச் சுத்தியால லேசாத் தட்டி ஒவ்வொண்ணா உக்கார வச்சோம். சனிக்கிழமை ராவல், ரொப்பல், கிரைண்டிங். மேல ரெண்டு கோட்டு சில்வர் பெயிண்ட். நானே ஒரு நிமிஷம் தேடித்தான் கள்ளத் துண்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு.

ஏழுமலை பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டே சொன்னான். "பாய், பார்ட்டிய ஏமாத்துனா அது லாரில ஏறிப் போயிடும். இது உன் பொண்ணு. கள்ளாட்டம் ஆடுறியே."

"நீ உன் வேலையைப் பாரு"ன்னேன். அவன் பிரஷ்ஷை உதறி வச்சான். சாக்குல கட்டி என் வண்டியில ஏத்தி விட்டான். வானகரம் ரோடு முழுக்க அது பின் சீட்டுல உக்காந்து என் முதுகை இடிச்சுக்கிட்டே வந்துச்சு.

சாக்கை அவிழ்க்கறதுக்கு முன்னாடி

ஞாயித்துக்கிழமை காலையில சாக்கைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜை மேல வச்சேன். மும்தாஜ் ஆப்பம் ஊத்திக்கிட்டு இருந்தா. ஃபர்ஹானா தலை துவட்டிக்கிட்டே வந்து எதிர்ல உக்காந்தா.

"மூடிடுச்சா அத்தா?"

"மூடிடுச்சு."

"அந்த அஞ்சுல ஒண்ணு இல்லையே?"

"இல்ல."

"அறுகோணம்தானே?"

தலையாட்டினேன். அவ துண்டை மடியில வச்சுக்கிட்டுச் சாக்கையே கொஞ்ச நேரம் பார்த்தா. தொடல.

"அப்படின்னா பன்னண்டு இடத்துல கள்ளாட்டம் ஆடியிருக்கீங்க."

சாக்குக் கயிறு இன்னும் என் கையில இருக்கு. ஒரு முடிச்சு கூட அவிழ்க்கல. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. நேரா ஏழுமலைக்குப் போன் போட்டுக் கத்தினேன். காட்டிக் குடுத்துட்டியேடான்னு.

"நான் எதுக்கு பாய் சொல்லப் போறேன்? உன் பொண்ணு நம்பரே என்னாண்ட கெடையாது"ன்னான் அவன். தூக்கக் கலக்கத்துல இருந்தான். பொய் சொல்ற குரல் இல்ல.

போனை வச்சேன். "எப்படித் தெரியும்?"னு அவகிட்ட கேட்டேன்.

"டிவைடரை எடுத்தா உங்க கைக்கு ஆறுதான் வரும் அத்தா. அது மூடாது. மூடிடுச்சுன்னா நடுவுல ஐங்கோணம் நுழைஞ்சிருக்கணும். ஒரு ஐங்கோணத்தால கொஞ்சம்தான் வளைக்க முடியும். அறுகோணம் வளைக்கவே வளைக்காது. முழுசா மூடறதுக்குப் பன்னண்டோட வளைவு வேணும். ஆறு போட்டா பாதிதான், குழாய் மாதிரி நிக்கும். பதினொண்ணு போட்டா கடைசி ஓட்டை அஞ்சு பக்கமாத்தான் வரும். நீங்க எவ்வளவு பெருசா செஞ்சாலும், வீடு அளவுக்குச் செஞ்சாலும், பன்னண்டுதான்."

அந்தச் சொம்பு, அந்தக் கடைசி ஓட்டை, சுவத்துல அடிச்ச அட்டை எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பார்த்தவ மாதிரி சொல்றா.

"இதை எங்க பார்த்த?"

"எங்கயும் பார்க்கல. யோசிச்சா வரும்."

ரெண்டு தடி ஆம்பளைங்க, ஒரு கம்பெனி மெஷின், ஒரு வாரம், நாப்பத்திரெண்டு தகடு. அத்தனையையும் போட்டு நான் கண்டுபிடிச்சதை இவ இந்த மேஜையில உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சிருக்கா. கணக்குல என்னத்தைக் கிழிக்கப் போறீங்கன்னு இவளைத்தான் கேட்டேன். பெருமையா இருந்துச்சு. அதைவிட ஜாஸ்தியா அவமானமா இருந்துச்சு. சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். அவ ஒவ்வொரு கள்ள மூலையையும் விரலால தடவிப் பார்த்தா. "ஃபினிஷிங் நல்லாத்தான் இருக்கு"ன்னா.

அப்புறம் நிமிர்ந்தா. "நூறுல ரெண்டு தப்பினா தூக்கிப் போடற ஆளு நீங்க. என்கிட்ட ஏன் அத்தா இப்படிப் பண்ணீங்க?"

வேற வழி இல்ல. "நீ போயிட்டா எனக்கு இந்த வீட்டுல இருப்பு கொள்ளாதும்மா. பயந்துட்டேன்"னேன்.

"இதைப் போன ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

"நின்னிருப்பேன்."

கோவமாச் சொல்லல, குத்திக் காட்டவும் சொல்லல. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. "இப்ப சொன்னாலும் நிக்கறேன் அத்தா. பந்தயம் எல்லாம் சும்மா. நாளைக்குத்தானே பதில் போடணும்?"

மும்தாஜ் கரண்டியோட அப்படியே நின்னுட்டா. சட்டியில ஆப்பம் தீயற வாசனை வந்துச்சு, யாரும் அசையல.

நில்லுன்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் அந்த வாரம் முழுக்கத் தகடு வெட்டினேன். இப்ப வெறுமனே வாயைத் திறந்தா போதும். திறந்தேன். அவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் என்ன சொன்னாலும் அதைச் செய்வா, ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டா. அது அவ முகத்துலயே தெரிஞ்சுது.

"எதுக்கு நாளைக்கு வரைக்கும்?"னேன். "இப்பவே போடு, வரேன்னு."

குரல் சரியா வெளிய வரல. அவளுக்குக் கேக்கல போலிருக்கு. ரெண்டாவது தடவை சொன்னேன்.